துருவத்துக்குப் போகும் சுற்றுவழி

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ராக்கெட் விட முடியாது. நேர் தெற்கே இலங்கை இருக்கிறது. வரைபடத்தில் ஏவுதளத்தின் மீது அளவுகோலை வைத்துக் கீழ்நோக்கிக் கோடு இழுத்தால் அது இலங்கையின் ஊர்களுக்கு மேலாகப் போகும். காலியான அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுக்கொண்டே மேலேறுவது ராக்கெட்டின் வழக்கம். ஊர்களின் தலைக்கு மேல் அதைச் செய்ய யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே துருவங்களின் மேலாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் ராக்கெட், முதலில் தென்கிழக்காக வங்கக் கடலின் மேல் போகும். இலங்கையை வலப்பக்கம் விட்டுவிட்டு, பிறகு தெற்கே திரும்பும். 2022 அக்டோபர் 23, நள்ளிரவு கடந்து 7 நிமிடம், தீபாவளிக்கு முந்தைய நாள். 36 பிராட்பேண்ட் செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு கிளம்பிய எல்.வி.எம்.3 ராக்கெட்டும் இந்தச் சுற்றுவழியில்தான் போனது.

திரும்புவது இலவசமல்ல. சாலையில் வளைவதற்குத் தரையின் உராய்வு உதவும். ராக்கெட்டுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. தென்கிழக்காகச் சேர்த்த வேகத்தின் ஒரு பகுதியை எரிபொருள் செலவழித்து அழித்து, அதைத் தெற்கு நோக்கிப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். வேகம் கூடக் கூடத் திரும்பும் செலவும் கூடும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு, அது எல்லா நாட்டுக்கும் பொது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவின் மண், அசையாமல் கிடப்பதுபோல் தெரிந்தாலும், விநாடிக்கு 450 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. கிழக்கு நோக்கி விடும் ராக்கெட்டுக்கு அந்த வேகம் சும்மா கிடைக்கும். வடக்கு தெற்காகச் சுற்ற வேண்டிய கோளுக்கு அதனால் பயனில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஏவுதளம் இருப்பது பெரிய அதிர்ஷ்டம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். துருவப் பாதையைப் பொறுத்தவரை அந்த அதிர்ஷ்டம் செல்லாக்காசு.

தமிழ்நாட்டில் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியதற்கு இந்த இலங்கைச் சுற்றுவழிதான் காரணம். அங்கிருந்து தெற்கே பார்த்தால் அண்டார்க்டிகா வரை ஏறக்குறைய முழுக்கக் கடல். ஆனால் அது எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுகளுக்கான தளம். 640 டன் எடையும் 43.5 மீட்டர் உயரமும் கொண்ட எல்.வி.எம்.3க்கு ஸ்ரீஹரிகோட்டாவை விட்டால் வேறு வாசல் இல்லை.

இந்த ராக்கெட்டுக்கும் மும்பைக்கும் உள்ள தொடர்பு மாட்டுங்காவிலோ செம்பூரிலோ மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர்களில் பலருக்கே தெரியாது. செம்பூரிலிருந்து கிழக்கு விரைவுச் சாலையில் வடக்கே போனால் விக்ரோலி. அங்கே பீரோவுக்கும் பூட்டுக்கும் பேர்போன கோத்ரெஜ் நிறுவனத்தின் வளாகத்தில் விகாஸ் என்ஜின் தயாராகிறது. விக்ரோலியில் இடப்பக்கம் திரும்பி ஏரிப் பக்கம் போனால் பவாய். அங்கே எல் அண்ட் டி ஆலையில், எல்.வி.எம்.3இன் இரு பக்கமும் நிற்கும் எஸ்200 பூஸ்டர்களுக்கான எஃகுக் கூடுகளைச் செய்கிறார்கள்.

எஸ்200 கூட்டின் விட்டம் 3.2 மீட்டர். ஒரு சாதாரண வீட்டு அறையின் கூரையை விட உயரமான உருளை. அதன் எஃகு சாதாரண எஃகு அல்ல. மாரேஜிங் எஃகு என்று பெயர். நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு நிக்கல், கரி மிகமிகக் குறைவு. வழக்கமான எஃகுக்கு வலுவைத் தருவது கரி. இதற்கு அப்படியல்ல. வளைத்து, உருட்டி, பற்றவைக்கும்வரை ஓரளவு மென்மையாகவே இருக்கும். எல்லா வேலையும் முடிந்த பிறகு 480 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணிநேரம் வைத்தால், உள்ளே நுண்ணிய படிகங்கள் திரண்டு இறுகிவிடும். இறுகிய பிறகு திருத்தம் செய்வது பெரும்பாடு. ஆகவே பற்றவைத்த ஒவ்வொரு தையலையும் சோதித்துவிட்டுத்தான் உலைக்கு அனுப்புவார்கள். இப்படிச் செய்த கூடு காலியாகவே மும்பையை விட்டுப் புறப்படும்; 200 டன்னுக்கு மேற்பட்ட திட எரிபொருளை அதற்குள் வார்ப்பது ஸ்ரீஹரிகோட்டாவில்.

விகாஸ் என்ஜினின் கதை இன்னும் பழையது. 1974இல் பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் போட்டது. பணத்துக்குப் பதிலாக இந்தியப் பொறியாளர்களின் உழைப்பு, அதற்கு ஈடாக வைக்கிங் என்ஜினின் தொழில்நுட்பம். நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் தலைமையில் ஒரு குழு பிரான்சின் வெர்னோனில் தங்கி வேலை செய்தது. இந்தியாவில் செய்த என்ஜின் 1985இல் அதே வெர்னோனில் எரிந்து தேறியது. இதற்குத் தீப்பொறி தேவையில்லை. எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் சந்தித்த மாத்திரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். எல்.வி.எம்.3இன் நடு அடுக்கில் இரண்டு விகாஸ்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 115 டன் திரவத்தை 200 விநாடியில் தீர்த்துவிடும். கணக்குப் போட்டால் ஒவ்வொன்றும் விநாடிக்கு 280 கிலோவுக்கு மேல் குடிக்கிறது. அந்தத் திரவத்தை உள்ளே தள்ளும் பம்பின் சக்கரங்கள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும்போது ஒரு தலைமுடி அகலத்துக்குச் சமநிலை தவறினாலும் என்ஜின் போச்சு. கடைசலில் மணிக்கணக்காக நிற்பவர்களுக்கு இந்த வாக்கியத்தின் பாரம் தெரியும்.

மேல் அடுக்கில் இருப்பது சி.இ.20 என்ற கிரையோஜெனிக் என்ஜின். மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன். இதைச் சோதித்துத் தேற்றியது திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில். தோல் பதனிடும் வேலைக்கென்று மும்பையின் தாராவிக்கு வந்த குடும்பங்களில் பெரும்பங்கு அதே சீமையிலிருந்து வந்தது. இந்த என்ஜின் எரியும்போது மலையடிவார ஊர்களில் கேட்கும் உறுமலை, விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் யாராவது கேட்டிருக்கக்கூடும்.

சரி, அந்த 36 கோள்கள் யாருடையவை? ஒன்வெப் நிறுவனத்துடையவை. அவை இந்தியாவுக்கு வந்துசேர்ந்த விதம், வானியலை விட நீதிமன்றமும் போரும் கலந்த கதை.

கிரெக் வைலர் என்ற அமெரிக்கர் 2012இல் தொடங்கிய நிறுவனம் இது. ஃபுளோரிடாவில் ஏர்பஸ்ஸோடு கூட்டாகத் தொழிற்சாலை போட்டு, கோள்களை நாளுக்கு இரண்டு என்ற வேகத்தில் செய்தார்கள். அதற்கு முன் ஒரு செயற்கைக்கோள் என்றால் ஓராண்டு, ஈராண்டு வேலை. முதல் 6 கோள்கள் 2019 பிப்ரவரியில் போயின. 74 போயிருந்த நிலையில், 2020 மார்ச் 27 அன்று, கையில் காசில்லாமல் திவால் மனு கொடுத்தது நிறுவனம். ஏர்டெல்லின் தாய் நிறுவனமான பாரதியும் பிரிட்டன் அரசும் ஆளுக்கு 50 கோடி டாலர் போட்டு அதை மீட்டன.

இரண்டாவது இடி 2022 மார்ச்சில். கஜகஸ்தானின் பைக்கனூரில் சோயுஸ் ராக்கெட்டின் உச்சியில் 36 கோள்கள் ஏறித் தயாராக இருந்தன. உக்ரைன் போர் தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. பிரிட்டன் அரசு தன் பங்கை விற்றுவிட்டு விலகினால்தான், கோள்களை ராணுவத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி கொடுத்தால்தான் ஏவுவோம் என்றது ரஷ்ய விண்வெளி நிறுவனம். ராக்கெட்டின் மேலிருந்த பிரிட்டன், அமெரிக்க, ஜப்பானியக் கொடிகளை ஊழியர்கள் வெள்ளைத் தாள் ஒட்டி மறைக்கும் காட்சியை அந்த நிறுவனத்தின் அப்போதைய தலைவர் திமித்ரி ரகோசின் சமூக வலைத்தளத்தில் போட்டார். ஒன்வெப் விலகிக்கொண்டது. கோள்கள் அங்கேயே மாட்டிக்கொண்டன.

இருக்கிற ராக்கெட்டுகளைத் தேடி அலைந்ததில் இரண்டு கிடைத்தன. ஒன்று, தொழில் போட்டியாளரான ஸ்பேஸ்எக்ஸ். மற்றது இஸ்ரோவின் வணிகக் கிளையான நியூஸ்பேஸ் இந்தியா. 72 கோள்களை இரண்டு தவணையாக ஏற்ற 1,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்பந்தமானது. எல்.வி.எம்.3 அதுவரை நான்கே முறை பறந்த ராக்கெட். வெளியார் சரக்கோடு போனதில்லை, தாழ்ந்த சுற்றுப்பாதைக்கும் போனதில்லை. ரஷ்யா கதவை அடைத்திராவிட்டால் இந்த வாய்ப்பு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. இதை நம் ஊர்ப் பத்திரிகைகள் எழுதும்போது கொஞ்சம் விழுங்கிவிட்டன என்பது என் எண்ணம்.

முதல் பயணத்தின் மொத்தச் சுமை 5,796 கிலோ. போகவேண்டிய இடம் 601 கிலோமீட்டர் உயரம், பூமத்திய ரேகைக்கு 87.4 டிகிரி சாய்வு. ஏறுவது ஏறத்தாழ 20 நிமிட வேலை. அதற்குப் பிறகு வந்ததுதான் சிக்கல்: ஒரே சட்டத்தில் அடுக்கிய 36 பெட்டிகளை ஒன்றோடொன்று மோதாமல் இறக்கிவிடுவது.

இறக்குவதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டால் போயிற்று. தரையில் அது சரி. சுற்றுப்பாதையில் அப்படித் தள்ளினால் விபரீதம். ஒரு கோளைப் பக்கவாட்டில் தள்ளினால் அது விலகிப்போவதாகத் தெரியும். உண்மையில் அதன் பாதை சற்றே சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வட்டங்களும் ஒரே மையத்தைச் சுற்றுவதால், அரைச் சுற்று முடிந்ததும் பழைய பாதையை வெட்டும். ஏறக்குறைய 48 நிமிடத்தில், தள்ளிவிட்டவரும் தள்ளப்பட்டவரும் மறுபடி ஒரே இடத்தில் நிற்பார்கள். மேலே அல்லது கீழே தள்ளினாலும் ஒரு சுற்று முடிவில் இதே கதை. நிரந்தரமாகப் பிரிக்க வேண்டுமானால் போகிற திசையிலோ எதிர்த்திசையிலோ வேக வித்தியாசம் வேண்டும். அங்கேயும் ஒரு முரண்: முன்னால் தள்ளினால் கோள் உயரமான, நீண்ட பாதைக்குப் போய், சுற்றி வரத் தாமதித்துப் பின்தங்கும். விநாடிக்கு ஒரே ஒரு மீட்டர் வித்தியாசம் கொடுத்தால் போதும், ஒரு சுற்றில் 17 கிலோமீட்டர் இடைவெளி விழுந்துவிடும்.

இஸ்ரோ இதை நான்கு நான்காக, ஒன்பது தவணையில் செய்தது. நான்கைக் கழற்றும், மேல் அடுக்கு தன் முகத்தைத் திருப்பும், சின்ன உந்தல் கொடுத்துச் சற்றே வேகம் மாறும், அடுத்த நான்கு. ஒரு மணிநேரத்துக்கும் மேல் இப்படிப் போனது. 16 கோள்கள் பிரிந்த செய்தி வந்ததும் ராக்கெட் தரை நிலையங்களின் கண்ணுக்கு அப்பால் போய்விட்டது. மீதி 20ம் பிரிந்த தகவல் பிறகுதான் வந்துசேர்ந்தது. 2023 மார்ச் 26 காலை 9 மணிக்கு இரண்டாவது தவணை. இந்த முறை 450 கிலோமீட்டர் உயரம். அத்தோடு ஒன்வெப்பின் முதல் தலைமுறைக் கூட்டம் நிறைவானது.

450இலோ 601இலோ விட்டால் வேலை முடிந்ததா? இல்லை. வேலைக்கான உயரம் 1,200 கிலோமீட்டர். மீதித் தூரத்தைக் கோள்கள் தாமாகவே ஏறவேண்டும். ஒவ்வொன்றிலும் செனான் வாயுவை மின்னூட்டி உமிழும் குட்டி என்ஜின் இருக்கிறது. அதன் தள்ளுவிசை உள்ளங்கையில் ஒரு தாளை வைத்தால் உணரும் பாரத்தைப் போலச் சொற்பம். ஆனால் வாரக்கணக்கில் ஓயாமல் தள்ளும். அவசரமாகத் தாழ இறக்கிவிட்டு நிதானமாக ஏற விடுவதில் ஓர் அனுகூலம் உண்டு. பிறவிக் குறையோடு வந்த கோள் ஏதாவது இருந்தால், தாழ்ந்த பாதையில் காற்றின் மிச்சசொச்சம் உரசிச் சில ஆண்டுகளிலோ சில பத்தாண்டுகளிலோ விழுந்துவிடும். 1,200 கிலோமீட்டரில் செத்தால் அது அங்கேயே பல நூற்றாண்டு கிடக்கும். இதை உணர்ந்துதான் ஒன்வெப் தன் கோள்களில் ஒரு கைப்பிடி வைத்திருக்கிறது, என்றைக்காவது ஒரு துப்புரவு வண்டி வந்து பிடித்து இழுத்துப்போகட்டும் என்று.

இவ்வளவு உயரம் ஏன், அதுவும் துருவத்தின் மேலாக ஏன் என்ற கேள்விக்கு இப்போது வரலாம்.

தாராவியின் 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் நிமிர்ந்து பார்த்தால், தகரக் கூரைக்கு மேல் நீலத் தார்ப்பாய், அதன் மேல் செங்கல் வைத்து நிறுத்திய டி.டி.எச். டிஷ்கள். எல்லா டிஷ்ஷும் தெற்கும் கிழக்கும் கலந்த ஒரே பக்கமாக அண்ணாந்திருக்கும். அவை பார்ப்பது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் நிற்கும் கோள்களை. அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆவதால், பூமியோடு சேர்ந்து சுழன்று, கோள் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிகிறது. டிஷ்ஷை ஒருமுறை திருகி வைத்தால் போதும். சீரியல் பார்க்க இது அருமையான ஏற்பாடு. பேச்சுக்குச் சரிவராது. ஒளியின் வேகத்தில் போனாலும் மேலே ஏறிக் கீழே இறங்கக் கால் விநாடி. கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி. வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். 1,200 கிலோமீட்டரில் இந்த விண்வெளிப் பயணம் போகவர 16 மில்லி விநாடிதான்.

அருகே வந்தால் வேறு விலை கொடுக்க வேண்டும். 1,200 கிலோமீட்டரில் கோள் விநாடிக்கு 7.25 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு 109 நிமிடம். நம் தலைக்கு மேல் சில நிமிடம்தான் இருக்கும். அது போவதற்குள் அடுத்தது வந்தாக வேண்டும், அதனால்தான் நூற்றுக்கணக்கில் தேவை. இவற்றைப் பாதைகளில் எப்படிப் பங்கிடுவது? ஒன்வெப் எடுத்த முடிவு: துருவத்துக்குத் துருவம் 12 பாதைகள், பாதைக்கு 49 கோள், ஆக 588. அதற்கு மேல் இருப்பவை கையிருப்பு. பாதைகளைப் பறங்கிக்காயின் வரிப்பள்ளங்களாக எண்ணிக்கொள்ளலாம். நடுவயிற்றில் அகன்றும், காம்பை நெருங்க நெருங்கக் குறுகியும் இருக்கும்.

இந்த வடிவத்தின் விளைவை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. பூமத்திய ரேகையில் அடுத்தடுத்த பாதைகளுக்கு நடுவே 1,670 கிலோமீட்டர். 19ஆவது பாகையில் இருக்கும் மும்பைக்கு மேலே 1,580. நார்வேயின் ஆஸ்லோவுக்கு மேலே ஏறத்தாழ 835. அதாவது ஆள் நடமாட்டம் குறையக் குறையக் கோள்கள் நெருங்குகின்றன; மக்கள் திரண்டிருக்கும் வெப்பமண்டலத்தில் விலகி நிற்கின்றன. 588ஐ இந்தியாவின் பரப்பளவுக்கும் அட்சரேகைக்கும் பங்கிட்டுப் பார்த்தால், எந்த நேரத்திலும் இந்திய மண்ணுக்கு நேர் மேலே இருப்பவை சராசரியாக மூன்றுக்குச் சற்றுக் குறைவு. 140 கோடிப் பேருக்கு மூன்று கோள். மற்றவை கடல்களின் மேலும் பனியின் மேலும் போய்க்கொண்டிருக்கும். ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்க் தன் கோள்களில் பலவற்றை 53 டிகிரியை ஒட்டிய சாய்வில் விட்டிருப்பது இந்த விரயத்தைக் குறைக்கத்தான். அங்கேயும் நெரிசல் அதிகம் விழுவது ஐரோப்பாவும் கனடா எல்லையும் இருக்கும் அட்சரேகைகளில்.

தாராவிக்கு வருவோம். ஒரு ஒன்வெப் கோள் ஏறத்தாழ 7 கிகாபிட் தரவை விநாடிக்கு இறக்கும். அதை 16 கற்றைகளாகப் பிரித்துத் தரையில் போடுகிறது. ஒவ்வொரு கற்றையும் கிழக்கு மேற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு பட்டை. மும்பை முழுவதும், தெக்காணத்தில் ஒரு பெரும்பகுதியும், அரபிக் கடலின் ஒரு துண்டும் ஒரே பட்டைக்குள் அடங்கும். 7 கிகாபிட்டைப் பதினாறால் வகுத்தால் கற்றைக்கு 440 மெகாபிட். ஒரு வீட்டில் தெளிவான படம் பார்க்க 5 மெகாபிட் வேண்டும். ஆக, ஒரே நேரத்தில் 90 வீடு படம் பார்த்தால் அந்தப் பட்டை நிரம்பிவிடும். எல்லாரும் ஒரே சமயத்தில் பார்க்க மாட்டார்கள் என்று பத்து மடங்கு தாராளம் காட்டினாலும் 900 வீடு. தாராவியில் இரண்டு சதுர கிலோமீட்டரை ஒட்டிய இடத்தில் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். ஒரு தெருவே மொத்தத்தையும் குடித்துவிடும். அதே 440 மெகாபிட், லடாக்கின் நான்கு பள்ளத்தாக்குக்கும் நடுக்கடலில் போகும் கப்பல்களுக்கும் தாராளமாகப் போதும். இது நிறுவனத்தின் பாரபட்சம் அல்ல, வடிவியலின் கணக்கு. கோளின் பங்கு பரப்புக்கு இவ்வளவு என்று வருகிறது, தலைக்கு இவ்வளவு என்று வருவதில்லை. செல்போன் கோபுரம் நேர் எதிர்: நெரிசல் கூடினால் இன்னொரு கோபுரம் நட்டுக்கொள்ளலாம். தாழ்ந்த பாதையில் மும்பைக்கென்று மட்டும் ஒரு கோளை நிறுத்த முடியாது. நட்ட இடத்தில் நிற்காமல் விநாடிக்கு 7.25 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பிப் போய்விடும்.

நெரிசல் ஒருபுறம் இருக்க, சந்தில் வானமும் வேண்டுமே. டி.டி.எச். டிஷ்ஷுக்கு ஒரே ஒரு திசையில் ஒரு துண்டு வானம் கிடைத்தால் போதும். ஓடுகிற கோளைத் தொடர வேண்டிய ஆன்டெனாவுக்கு உச்சியைச் சுற்றி நாலாபக்கமும் திறந்த வானம் வேண்டும். மாடிக்கு மேல் மாடி ஏற்றி, எதிரும் புதிருமாகக் கூரைகள் முட்டிக்கொள்ளும் சந்தில் அதற்கு வழியில்லை.

அந்த டி.டி.எச். டிஷ்களால் ஒன்வெப்புக்கு இன்னொரு தலைவலி. இரண்டும் கு-பேண்ட் என்ற ஒரே அலைவரிசைப் பட்டையில் வேலை செய்கின்றன. துருவப் பாதைக் கோள் பூமத்திய ரேகையைக் கடக்கும்போது, கீழேயிருக்கும் டிஷ்ஷுக்கும் 35,786 கிலோமீட்டரில் நிற்கும் கோளுக்கும் நட்டநடுவே வந்துவிடும். உயரே இருப்பவருக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்பது சர்வதேச விதி. ஒன்வெப் இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் கோள் தன் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, டிஷ்கள் பார்க்கும் கோணத்திலிருந்து தன் கற்றைகளை விலக்கிக்கொள்ளும். இடிக்கிற கற்றைகளை அணைத்தும் வைக்கும். ரேகையைத் தாண்டியதும் மறுபக்கம் சாயும். ஒவ்வொரு கோளும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இப்படிக் குனிந்து போகிறது.

மழை வேறு. கு-பேண்ட் அலையின் நீளம் 2 சென்டிமீட்டர் சொச்சம். ஜூன் பிறந்து அடைமழை பிடித்ததும் டிவித் திரையில் சிக்னல் இல்லை என்று எழுத்து வருவதற்குக் காரணம், கனத்த துளிகள் இந்த அளவு அலைகளை உறிஞ்சிச் சிதறடிப்பது. கோள்கள் தரை நிலையங்களோடு பேசும் கா-பேண்ட் அலை இன்னும் குட்டை, மழையில் இன்னும் மோசம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததே, அப்படியொரு நாளில் இவ்விரண்டு அலைகளும் தப்பாது. ஒன்வெப்பின் இந்தியத் தரை நிலையங்களுக்குத் தேர்ந்த இடங்கள் குஜராத்தின் மெஹ்சானாவும் தமிழ்நாடும். மும்பை அந்தப் பட்டியலில் இல்லை.

நகரவாசிக்கு இது பொருந்தாது என்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் ஏறக்குறைய ஒத்துக்கொண்டுவிட்டது. 2025 மே மாதம் அந்த ஆணையமான டிராய் செய்த பரிந்துரையின்படி, நிறுவனங்கள் வருவாயில் 4 சதவீதம் அலைவரிசைக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கு மேல், தாழ்ந்த பாதைக் கோள்கள் வழியாக இணைப்பு பெறும் நகரச் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதல். கிராமத்துக்கு அந்தக் கூடுதல் கிடையாது. தாராவி, கணக்கில், நகரம்.

கோள்கள் வந்துவிட்டால் கடலடிக் கேபிள்களை நம்பவேண்டாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. 2008 ஜனவரியில் அலெக்சாண்டிரியா அருகே கேபிள்கள் அறுந்து இந்தியாவின் வெளிநாட்டு இணையத்தில் பாதிக்கு மேல் படுத்துவிட்டது நினைவிருக்கலாம். நாட்டுக்கு வரும் கேபிள்களில் பெரும்பாலானவை கரையேறுவது மும்பையில், அதிலும் வெர்சோவாக் கடற்கரையை ஒட்டிய சிறு நீளத்தில். ஒரே கூடையில் இத்தனை முட்டை என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் ஒன்வெப்பின் முதல் தலைமுறைக் கோள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தெரியாதவை. மேலே வந்ததை உடனே, கண்ணுக்கெட்டிய தூரத்திலிருக்கும் தரை நிலையத்துக்கு இறக்கிவிட வேண்டும். ஸ்டார்லிங்க் கோள்களுக்கு ஒன்றோடொன்று லேசரில் பேசும் வசதி உண்டு. ஆனால் இந்தியப் பயனாளரின் தரவு இந்தியாவுக்குள் இருக்கும் தரை நிலையம் வழியாகத்தான் போகவேண்டும் என்பது இங்குள்ள உரிம நிபந்தனை. ஆகவே லடாக்கில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து லண்டனுக்கு அனுப்பும் மின்னஞ்சல் 1,200 கிலோமீட்டர் ஏறி, மெஹ்சானாவில் இறங்கி, அங்கிருந்து கண்ணாடி இழையில் மும்பைக்கு வந்து, வெர்சோவாவில் கடலுக்குள் இறங்கத்தான் வாய்ப்பு அதிகம்.